தம்பி காளைக்கு, செலவுத்தொகை விஷயமாக

யுவ வருஷம், ஆனி மாதம்

கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்துக் கங்காணிக்குக் கணக்கு எழுதிவரும் என் உடன்பிறந்த தம்பி காளைக்கு, அண்ணன் நல்லகாமன் மனம் நிறைந்த ஆசியுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம். உன் மதினி அழகம்மாள் சுகம், அவள் வாய் அதைவிடச் சுகம். செவலைப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அவ்விடம் மலைக்குளிரில் உனக்கு வந்த இருமல் நின்றதா, சாப்பாட்டுக்கு யார் பொங்கிப் போடுகிறார்கள் என்பதையெல்லாம் விவரமாக எழுதவும்.

நிற்க. உன் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல அதில் இரண்டே கேள்விதான். ஒன்று, வழக்கில் நமக்குத் தீர்ப்பான செலவுத்தொகை வசூலாகி விட்டதா. இரண்டு, "அக்காள் வீட்டில் எல்லோரும் சுகமா". இந்த இரண்டாவது கேள்வியை நீ ஒரு கடிதத்திலும் விட்டதில்லை. அந்த வீட்டில் இருப்பவர்கள் நம் சோலையம்மாள், அவள் புருஷன் மொக்கையன், பிள்ளை முனியாயி, மொக்கையனின் தங்கை பாண்டியம்மாள். இதில் 'எல்லோரும்' என்று தம்பி யாரைக் கேட்கிறான் என்று உன் மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் சுகம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். தம்பி, வசூல் ஆகவில்லை. நீ எதை நம்பி அங்கே குளிரில் கிடக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வழக்குச் செலவுக்காகக் கங்காணியிடம் முன்பணம் வாங்கி எனக்கு அனுப்பினாய். அதை அடைக்காமல் அவன் உன்னைத் தோட்டத்தை விட்டு அனுப்ப மாட்டான். செலவுத்தொகை கைக்கு வந்த அன்றே உனக்கு அனுப்ப வேண்டும், நீ கடனை அடைத்துவிட்டுக் கப்பல் ஏற வேண்டும் என்பது நம் பேச்சு. நானும் இந்த மாதம், அடுத்த மாதம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். இனி அப்படி எழுத வாய் கூசுகிறது. என்ன நடந்தது என்று முழுவதும் எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

வழக்கு உனக்குத் தெரிந்த கதைதான். நம் கிணற்றுக்குப் போகும் வண்டிப்பாதையை உன் மச்சான் மொக்கையன் உழுது கடலை போட்டார். கேட்டதற்கு, "பாதையா, எங்க இருக்கு பாதை, கடலைதான இருக்கு" என்றார். கோர்ட்டுக்குப் போனோம். நாலு வருஷம் இழுத்தது, ஜெயித்தோம். தீர்ப்பை வக்கீல் இங்கிலீஷில் படித்துவிட்டு, பாதை நமக்குத்தான், வழக்கு நடத்திய செலவையும் எதிராளியே கொடுக்க வேண்டும் என்று தமிழில் சொன்னார். அன்று வக்கீலுக்கு ரோஜாப்பூ மாலை வாங்கிப் போட்டேன். ஊருக்குத் திரும்பி ஜெயித்த பாதையில் நின்று பார்த்த பிறகுதான், அதில் ஓட்டுவதற்கு வண்டி இல்லை என்பது உறைத்தது. வக்கீல் பீசுக்காக அதைத் திருமங்கலம் சந்தையில் விற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாங்கிய தரகன் ஒருவனுக்குக் கைமாற்றி, அவன் இன்னொருவனுக்குக் கைமாற்றி, கடைசியில் அதை வாங்கியிருப்பது உன் மச்சான். ஆக பாதை நம்முடையது, அதில் தினம் போய் வருவது மொக்கையன், அதுவும் நம் வண்டியில். கேட்டால் கோர்ட்டு உத்தரவுப்படி பாதையில் வண்டி விடுகிறேன் என்கிறார்.

இது போகட்டும், செலவுத்தொகையாவது வரட்டும் என்று வக்கீல் குமாஸ்தா வெள்ளைத்துரையிடம் போனேன். டிகிரி என்கிற தீர்ப்பு உத்தரவு வெறும் காகிதம்தான், அதைப் பணமாக்க இன்னொரு மனுப் போட வேண்டும், ஸ்டாம்பு வாங்க வேண்டும், ஜப்தி செய்ய வரும் அமீனாவுக்குப் பேட்டா கட்ட வேண்டும் என்றார். "பயப்படாதீங்கண்ணே, அம்புட்டையும் எதிராளி கணக்குலயே ஏத்திருவோம்" என்றார். ஏற்றினார். எதிராளி கணக்கு ஏற ஏற என் இடுப்புப் பை இளைத்தது. டிகிரி நகலை மட்டும் நான்காக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அமீனாவுடன் ஜப்திக்குப் போனேன். டவுன்காரர், கண்ணாடி போட்டவர், நல்ல மனுஷர். வண்டி இல்லாததால் வெயிலில் நடந்தே போனோம். வாசலில் சோலை நின்றாள். சம்மன் போன நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, உனக்குத் தெரியும். என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல அமீனாவிடம், "அய்யா, மோரு குடிங்க. ஒங்ககூட வெயிலுக்குள்ள வந்திருக்காகளே, அவுகளுக்கும் வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். அமீனா என் பக்கம் திரும்பி, "மோர் வேணுமான்னு கேக்குறாங்க" என்றார். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக் கிடந்தது. "தாகமில்லைன்னு சொல்லுங்க" என்றேன். "தாகமில்லையாம்." "பேச்சே வரலை, இதுல தாகமில்லையாக்கும். இந்தச் செம்ப அவுக கையில குடுங்கய்யா." குடித்தேன். சீரகம் தட்டிப் போட்டிருந்தாள், நம் அம்மா போடுவது போலவே.

உள்ளே போனால் ஏர் கலப்பையைத் தொடக்கூடாதாம், உழவு மாட்டைத் தொடக்கூடாதாம், வண்டியும் விவசாயச் சாமானாம், சோறு பொங்கும் பானையையும் தொடக்கூடாதாம். மிச்சம் ஒரு பித்தளை அண்டாதான். அமீனா அதைத் திருப்பி, மேலே வெட்டியிருந்த எழுத்தைப் படித்தார். "வீரணன்னு இருக்கே, யாரு?" "எங்க அய்யாங்க." "இங்க எப்படி வந்துச்சு?" "தங்கச்சி கல்யாணத்துக்கு நாங்க குடுத்த சீருங்க." அவர் அண்டாவை அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சீதனம் பொம்பளை சொத்து, புருஷன்மேல் வாங்கிய டிகிரிக்கு அதை எடுக்க முடியாது என்றார். குத்துவிளக்கு, வீரணன். தாம்பாளம், வீரணன். குடம், வீரணன். நான் கோர்ட்டுக்கு அலைந்தபோது எனக்குச் சாட்சி சொல்ல நம் அய்யா உயிரோடு இல்லை. செத்த பிறகு மருமகனுக்காக வீடு முழுக்க உட்கார்ந்து சாட்சி சொல்கிறார்.

புறப்படும்போது கதவுக்குப் பின்னாலிருந்து பிள்ளை முனியாயி எட்டிப் பார்த்தாள். நம் அம்மா பெயரை வைத்திருக்கிற பிள்ளை, நான் கிட்டத்தில் பார்ப்பது அன்றுதான். "ஆரும்மா அது?" என்று கேட்டாள். "கோர்ட்டுலருந்து வந்திருக்காக" என்றாள் சோலை. வீடு திரும்பும் வழி முழுக்க எனக்கு நெஞ்சு எரிந்தது. மோர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைத்துரை விடவில்லை. "எதிராளி கையில ரொக்கமாப் பணம் சேருற நேரம் ஒண்ணுமே கெடையாதாண்ணே?" என்று கேட்டார். யோசித்தேன். ஒன்று உண்டு, காதுகுத்து. அந்தப் பிள்ளைக்கு நாலு வயது தாண்டியும் காது மூளியாகவே இருக்கிறது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். பெரிய மாமன் கோர்ட்டில், சின்ன மாமன் கடலுக்கு அந்தப் பக்கம், பிள்ளை யார் மடியில் உட்காரும்? விசேஷம் என்று ஒன்று நடந்தால் மொய் விழும். மொய்யை எண்ணி முடித்ததும் அமீனா கையை வைத்துவிட வேண்டியதுதான். இந்த யோசனை தோன்றியபோது, இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு வக்கீலுக்கு ஏன் பீஸ் கொடுத்தோம் என்றுகூட நினைத்தேன்.

நாங்கள் பேசியதைக் கேட்டது போல, அந்த வாரமே உன் மச்சான் வெற்றிலைத் தாம்பாளத்தோடு நம் வாசலுக்கு வந்தார். பிள்ளைக்குக் காது குத்தாமல் சோறு தின்ன மாட்டேன் என்று சோலை படுத்துவிட்டாளாம். என் முகத்தைப் பார்க்காமல் செவலைப் பசுவைப் பார்த்தபடி, "காது குத்துறோம். மாமன் மடி வேணுமாம். நான் கேக்கல, ஒங்க தங்கச்சி கேக்குது" என்றார். "வாரேன்" என்றேன். சண்டைக்குத் தயாராக வந்த மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. "வரமாட்டீகன்னுல நெனச்சேன்" என்று பசுவிடம் சொன்னார். "அதான் வாரேன்னுட்டேன்ல" என்று நானும் பசுவிடமே சொன்னேன். அவர் போன பிறகு உன் மதினி, "நீங்க இம்புட்டு லேசாச் சம்மதிக்கிற ஆளு இல்லையே, இதுல என்னமோ இருக்கு" என்றாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

காதுகுத்து கருப்பசாமி கோயில் தோப்பில். தாய்மாமனை அழைத்துப்போக மேளத்தோடு வண்டி வந்தது, நம் வண்டிதான். பட்டுப்பாவாடை, தோடு, கிடாய், அரிசி என்று சீர் சாமானை ஏற்றிக்கொண்டு போனேன். ஜப்தி செய்யப் போகிறவன் சீர் இல்லாமல் போனால் சந்தேகப்படுவார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் அமீனா, வேட்டி சட்டை துண்டோடு, வாரண்டை இடுப்பில் செருகிக்கொண்டு. யார் என்று கேட்டவர்களிடம், டவுனில் நமக்கு ரொம்ப நாள் பழக்கம் என்றேன். அது பொய்யும் இல்லை. சோலைக்கு அவரைத் தெரியும், ஆனால் ஜப்தியன்று மொக்கையன் வீட்டில் இல்லை, அவளும் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கே மொய் எழுத வேண்டிய வாத்தியார் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். அமீனா சட்டைப்பையில் பேனாவைப் பார்த்ததும் மொக்கையன் ஓடி வந்து, "பெரியவுகளே, நீங்கதான் ஒக்காந்து எழுதிக் குடுக்கணும்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பாயில் உட்கார வைத்துவிட்டார். மொய்யைப் பிடுங்க வந்தவர் முன்னால் மொய்நோட்டையும் சந்தனக் கிண்ணத்தையும் வைத்துவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் மேளக்காரரைப் பார்த்தேன்.

பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் உட்கார வைத்தார்கள். அது என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "நீதான் கோர்ட்டா?" என்று கேட்டது. மேளம் அடித்ததால் யாருக்கும் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. "இல்லத்தா, நான் மாமன்" என்றேன். "அப்ப இம்புட்டு நாளா எங்க போன?" என்றது. அதற்குள் ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார். பிள்ளை வீறிட்டுக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. என் மடி நனைந்தது. வேட்டி மடிப்பில் இருந்த டிகிரி நகலும் சேர்ந்து நனைந்து, வேட்டியெல்லாம் ஊதா மையாகிவிட்டது. "மாமா, இன்னொரு காதும் குத்துவாகளா?" "ஆமாத்தா." "நீ என்னைய விட்றாத." விடவில்லை தம்பி. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பொங்கல் அடுப்புப் புகை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை, அது எல்லோருக்கும் தெரியும்.

முதல் மொய் தாய்மாமனுடையது. "தாய்மாமன் நல்லகாமன், எம்புட்டு?" என்று அமீனா கூப்பிட்டார். டவுன்காரர், அதற்குள் எம்புட்டு என்று கேட்கப் பழகிவிட்டார். நான் ஒரு ரூபாய் எழுதுவதாகத்தான் போயிருந்தேன். எப்படியும் சாயங்காலம் என் கைக்கே திரும்பி வரப்போகிற பணம், எவ்வளவு எழுதினால் என்ன என்று தோன்றியது. "இருபத்தஞ்சு" என்றேன். கூட்டம் கொஞ்சம் அசந்துவிட்டது. "சின்ன மாமன் பேருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். சோலை தலையைக் குனிந்துகொண்டு, "தம்பி எங்கயோ கடல் தாண்டிக் கெடக்கு, அது பேரச் சொல்லாதீக" என்றாள். "காளை பேருக்கும் இருபத்தஞ்சு எழுதுங்க" என்றேன். அது அமீனா பேட்டாவுக்கும் அடுத்த மனுச் செலவுக்கும் வைத்திருந்த பணம். அப்போதுதான் சோலை நிமிர்ந்து, "அண்ணே, சாப்டியா?" என்று கேட்டாள். நாலு வருஷத்துக்கு அப்புறம் இதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. கறிச்சோறு போட்டபோது பக்கத்திலேயே நின்று, நீ ஏன் வரவில்லை என்று கேட்டாள். கங்காணிக் கடனைச் சொன்னேன். அது எதற்காக வாங்கியது என்பதையும் சொன்னேன். அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

சாயங்காலம் அமீனா என்னைப் புளியமரத்துப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார். "மொய் செலவுத்தொகைக்கு மேலயே விழுந்திருக்கு. சொத்தைக் காட்டுங்க, எடுத்துடறேன்" என்றார். பாயில் பணம் குவிந்து கிடந்தது. நான் அதை எழுதினவர்களை நினைத்துப் பார்த்தேன். பாதிப் பேர் நம் வகை, பாதிப் பேர் அவர்கள் வகை. இவ்வளவு பேருக்கும் அவரவர் வீட்டு விசேஷத்தில் கூடப் போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டுமே. பணத்தை நான் தூக்கிக்கொண்டு போய்விட்டால் சோலை எதைக் கொண்டுபோய் யார் வீட்டில் வைப்பாள்? ஆயுசுக்கும் ஒரு வாசலில் தலை நிமிர்ந்து நிற்க முடியுமா அவளால்? பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது, புதுத் தோடு என் கன்னத்தில் குத்தியது. "இங்க சொத்து ஒண்ணும் இல்லைங்க" என்றேன். அமீனா பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாரண்டை எடுத்து, 'டிகிரிதாரர் சொத்து எதையும் காட்டவில்லை' என்று எழுதினார். பிறகு அதே பேனாவால் மொய்நோட்டில் தன் பெயருக்கு ஒரு ரூபாய் எழுதினார். எதற்கு என்று கேட்டேன். "சாப்பிட்டேனே" என்றார்.

இதுதான் நடந்தது. வசூலிக்கப் போனவன் ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு, நனைந்த வேட்டியோடு வந்து சேர்ந்தேன். உன்னைக் கேட்காமல் உன் பேரிலும் எழுதிவிட்டேன். உன் கடன் அப்படியே நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ ஊர் திரும்பும் நாளை நான் ஒரு தாம்பாளத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கடலை எடுத்ததும் கொஞ்சம், அடுத்த போகத்தில் கொஞ்சம் என்று அனுப்பி எப்படியும் உன்னை மீட்டுவிடுவேன். இரண்டு வருஷம் ஆகலாம். அதுவரை மனசைத் தளரவிடாமல் இரு. என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டிக்கொள், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திட்டு.

கருப்பசாமி துணை இருக்கட்டும். குளிரில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு படுக்கவும். கங்காணிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், மனசுக்குள் திட்டிக்கொண்டே சொன்னாலும் சரி.

இப்படிக்கு உன் நலமே நினைக்கும் அண்ணன்,
நல்லகாமன்

பின்குறிப்பு: தம்பி, மேலே இரண்டு வருஷம் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி. கடிதத்தை ஒட்டச் சோற்றுப்பசை தேடிக்கொண்டிருந்தபோது நம் வண்டி வாசலில் வந்து நின்றது. மொக்கையன் இறங்கினார், சோலை இறங்கினாள், முனியாயி குதித்தாள். இன்னொரு ஆள் இறங்காமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது, வளையல் சத்தம் மட்டும் கேட்டது. மொக்கையன் இந்தத் தடவை பசுவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "மச்சான், கோர்ட்டுப் பணம்னு கேட்டீகன்னா உசுரு போனாலும் தரமாட்டேன். தோத்தவன் கட்டுனான்னு ஊரு சொல்லும். இது மொய்யி" என்று ஒரு துணிமுடிச்சை வைத்தார். எண்ணிப் பார்த்தேன். டிகிரியில் போட்ட செலவுத்தொகை அணா பிசகாமல் இருந்தது, மொய்க்கு மேலே வைக்கும் ஒரு ரூபாயும் இருந்தது. "இது ஒங்க வக்கீலு பீசு பாக்கிக்கு வச்சிருந்ததுன்னுல ஊருல சொன்னாக, மாப்ள?" என்றேன். "அவரு காத்திருப்பாரு, அவரு எங்க போகப் போறாரு" என்றார். "சரி, எங்க வீட்டுல என்ன விசேஷம் இருக்கு, மொய் வைக்க?" என்றேன். "காளை கல்யாணம்" என்றாள் சோலை. "பொண்ணு?" என்று கேட்டேன். உன் மதினி தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் காட்டினாள். பெண் வீட்டுக்காரரே மொய் வைக்கலாமா என்று சட்டம் பேசினேன். "நான் பொண்ணுக்கு அண்ணனா வைக்கல, மாப்ளைக்கு அக்கா புருசனா வைக்கிறேன்" என்றார் மொக்கையன். இந்த மனுஷனை நாம் எப்படித்தான் கோர்ட்டில் ஜெயித்தோமோ.

பணம் மணியார்டரில் வருகிறது. கங்காணி முகத்தில் விட்டெறிந்துவிட்டுக் கப்பல் ஏறு. கல்யாணம் ஆவணியில். மொய்யை வாங்கிச் செலவழித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வராமல் போனால் அதைத் திருப்பிக் கேட்டு மொக்கையன் என்மேல் வழக்குப் போடுவார், செலவுத்தொகையும் சேர்த்து. இன்னொன்று, அந்த வீட்டில் எல்லோரும் சுகம் என்று மேலே எழுதினேன் அல்லவா, அதுவும் பொய். அதில் ஒருத்தி வந்த மாப்பிள்ளையையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாலு வருஷமாக நீ வரும் வழியைப் பார்த்துப் பார்த்து இளைத்துப்போய் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். சீக்கிரம் வா.